எம்மாம் பெரிசு?

அரை மார்க்குக்காகப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் நிற்கிற அப்பன் நானில்லை. ஆனால் போன மாதம் பொண்ணு கொண்டுவந்த இங்கிலீஷ் வொர்க்‌ஷீட்டில் போன அரை மார்க் இன்னும் மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது. நாலாம் வகுப்பு. பிக், ஹ்யூஜ், எனார்மஸ், ஜைஜான்டிக், இந்த நாலையும் சின்னதிலிருந்து பெரிசாக ஏறுவரிசையில் எழுத வேண்டும். அவள் ஜைஜான்டிக்கை மூன்றாவதாகவும் எனார்மஸைக் கடைசியாகவும் போட்டிருந்தாள். சிவப்பு மையில் இரண்டையும் சுழித்து, அம்புக்குறி போட்டு இடம் மாற்றியிருந்தார்கள். "ஏம்மா எனார்மஸைக் கடைசியில போட்ட?" என்று கேட்டேன். "அதைச் சொல்லும்போதுதாம்பா வாய் நல்லா பெரிசா தொறக்குது" என்றாள். எனக்கு அந்தக் காரணத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். "ஆன்சர் கீயில அப்படித்தான் சார் இருக்கு" என்றார் மிஸ். வரிசையில் எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ஹ்யூஜ் என்றால் மிகப் பெரிய. எனார்மஸ் என்றால் மிகப் பெரிய. ஜைஜான்டிக்குக்கும் அதே. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார்கள். அப்புறம் எந்த ஏணியில் எது எந்தப் படி என்று அந்த கீ எழுதியவருக்கு மட்டும் யார் சொன்னது?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், எனார்மஸுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

தம்பு செட்டித் தெருவில் ஒரு மெயில்

2004. தண்டையார்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படித்து, ஒரு டிகிரியும் முடித்துவிட்டு, தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் கிளார்க்காகச் சேர்ந்தேன். இங்கிலீஷ் என்றாலே உள்ளங்கை வேர்க்கும். பாரிமுனை நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று வாங்கி, தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சேர்ந்த மூன்றாவது வாரம் வெளிநாட்டுக் கப்பல் ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் போடச் சொன்னார்கள். சரக்கு ஒரு பாய்லர். யார்டில் நேரில் போய்ப் பார்த்திருந்தேன், பார்த்த மாத்திரத்தில் மலைத்துப்போயிருந்தேன். அந்த மலைப்பையும் மனப்பாடத்தையும் சேர்த்து 'ஒன் வெரி எனார்மஸ் பாய்லர்' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. எவ்வளவு எனார்மஸ், நீளம் அகலம் உயரம் எடை அனுப்பவும். மேனேஜர் அதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார், ஆபீஸே சிரித்தது. எனார்மஸுக்கு முன்னால் வெரி போடக் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வார்த்தைக்குள்ளேயே வெரி இருக்கிறதாம். வேண்டுமானால் அப்ஸல்யூட்லி போட்டுக்கொள்ளலாமாம். (தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை, 'ரொம்ப பிரம்மாண்டமா இருந்துச்சுப்பா' என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் எழுந்து நின்று படிக்க மாட்டார்கள்.) இரண்டு வருஷம் எனக்கு அதுதான் பெயர். "டேய் எனார்மஸ், கீழ போய் நாலு டீ சொல்லிட்டு வா."

அதற்கப்புறம் இந்த இருபது வருஷத்தில் அளவைச் சொல்லும் அடைமொழி ஒன்றைக்கூட நான் மெயிலில் எழுதியதில்லை. எங்கள் தொழிலுக்கு அது தேவையும் இல்லை. எல்லாம் சென்டிமீட்டரும் டன்னும்தான். கன்டெய்னருக்கு 8 அடி அகலம், எட்டரை அடியோ ஒன்பதரை அடியோ உயரம், பெரும்பாலும் 20 அடியோ 40 அடியோ நீளம். உலகம் முழுக்க இதே சட்டம்தான். கப்பலும் கிரேனும் டிரெய்லரும் இந்தப் பெட்டிக்குத் தகுந்த மாதிரி செய்யப்பட்டவை. இதற்குள் அடங்காத சரக்கு வந்தால் ஃப்ளாட் ரேக் கேட்போம். அதற்கு மேல்மூடி இல்லை, பக்கச் சுவர் இல்லை, இரண்டு முனையிலும் நிமிர்ந்த சட்டமும் கீழே தளமும் மட்டும். சரக்கை அதன்மேல் ஏற்றி, கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்கிய பிறகு டேப் பிடிப்பார்கள். இடது பக்கம் இவ்வளவு வெளியே நிற்கிறது, வலது பக்கம் இவ்வளவு, மேலே இவ்வளவு. அதைப் படிவத்தில் எழுதி, மேலே ஓஓஜி என்று போடுவோம். அவுட் ஆஃப் கேஜ். கப்பலில் அது தன் இடத்தோடு நிற்காது, பக்கத்துப் பெட்டிகளின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும், அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

மூலைமட்டம்

வொர்க்‌ஷீட் வந்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பொண்ணும் அவள் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். போனை நோண்டிக்கொண்டு, இந்த வார்த்தைகளெல்லாம் எங்கேயிருந்துதான் வந்தன என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். பிக் எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷ்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. ஹ்யூஜ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முந்தைய கதை இருட்டு. ஜைஜான்டிக் லேசு, கிரேக்கத்து ராட்சதர்கள், நம் ஊர் 'ராட்சச' மாதிரிதான். அடுத்து எனார்மஸ். லத்தீன். 'எ' என்றால் வெளியே. 'நோர்மா' என்றால் மூலை சரியாக இருக்கிறதா என்று தச்சர் வைத்துப் பார்க்கும் மூலைமட்டம்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூலைமட்டத்துக்கு வெளியே. சட்டத்துக்கு அடங்காதது. அவுட் ஆஃப் கேஜ்! இருபது வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது நான் எனார்மஸ் என்றுதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், மூன்றே எழுத்தில். அந்தப் பாய்லர் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அகலம் 3.10 மீட்டர். ஃப்ளாட் ரேக் 2.44. இந்தப் பக்கம் 33 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 33 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றது. அதை எனார்மஸ் என்று சொன்னவன் தப்பாகச் சொல்லவில்லை. கேட்டால் அந்த 'வெரி'க்குக்கூட ஒரு நியாயம் கற்பிக்கலாம், சட்டத்தைத் தாண்டியது ஒரு விரலா ஒரு முழமா என்பது விஷயம்தானே. ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரிடம் போய் இதைச் சொல்வது. மேனேஜர் ரிட்டயராகி ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது.

அந்த ராத்திரிக்கு அப்புறம் இந்த வார்த்தைகளை ஏணிப் படியாக என்னால் பார்க்க முடியவில்லை. எனார்மஸ் ஆவதற்கு மலை அளவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த மூன்று கதவு பீரோ எனார்மஸ். கடையில் பார்த்தபோது அது சாதாரண பீரோதான். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் இரண்டாவது திருப்பத்தில் வந்து மாட்டிக்கொண்டதே, அங்கேதான் எனார்மஸ் ஆனது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், சுமந்தவர்களில் ஒருவர் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, "அண்ணே, மொதல்ல என்னை எடுத்துடுங்க, அப்புறம் பீரோவை" என்று கத்தி, கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம். நடுக்கடலில் இருக்கிற திமிங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதைச் சுற்றி எந்தச் சட்டமும் இல்லை. அதை எனார்மஸ் என்று அகராதி சொல்லும், எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கிலீஷில் எனார்மிட்டி என்றால் பெரும் அக்கிரமம் என்று ஒரு பொருள் இருப்பதும் இப்போதுதான் புரிந்தது. அதுவும் மட்டம் தாண்டின சமாச்சாரம்தான்.

மற்றவர்கள்

ஒன்று கிடைத்ததும் ஆசை விடவில்லை. இம்மென்ஸ் என்றால் அளக்கப்படாதது, அவ்வளவுதான். என் தொழிலில் ஒரு சரக்கை இம்மென்ஸ் என்று எழுதினால், டேப் எடுத்துப்போக மறந்துவிட்டேன் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. ட்ரெமண்டஸ் நடுக்கத்தில் பிறந்தது, பார்த்தால் கைகால் உதற வேண்டும். லார்ஜ் லத்தீனில் தாராளம். நம் ஊரில் லார்ஜ் என்றால் 60 மில்லி என்று மட்டும் தெரிந்தவர்கள்தான் அந்தப் பழைய பொருளுக்கு மிக அருகில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வாஸ்ட் எனக்குப் பிடித்துப்போனது. வெறுமை, பாழ் என்பதுதான் அதன் வேர், வேஸ்ட் என்கிற வார்த்தைக்கு உறவு. ஆகவே அது பொருளைப் பற்றியதல்ல, பொருள் இல்லாத இடத்தைப் பற்றியது. பின்னி மில் மூடிக் கிடந்த நாட்களில் பெரம்பூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது மதில் நீண்டுகொண்டே போகும், உள்ளே ஆள் அரவம் இருக்காது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்ட் மாறிய இடம். அது வாஸ்ட்.

மாஸிவ் என்கிற வார்த்தை மட்டும் எனக்குச் சுத்தமாகச் செத்துப்போயிருந்தது. எல்லாமே மாஸிவ், நம் பசங்களுக்கு எல்லாமே மாஸ். அதன் வேர் பிசைந்த மாவு உருண்டை என்று பார்த்ததும் 2017 ஞாபகத்துக்கு வந்தது. ஜனவரி 28, எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. முதலில் பெரிசாக ஒன்றுமில்லை என்றார்கள், பிறகு இங்கிலீஷ் டிவிக்காரர்கள் மாஸிவ் மாஸிவ் என்று கத்தினார்கள், இரண்டும் காதில் ஏறவில்லை. எர்ணாவூருக்கு நேரில் போனேன். பாரதியார் நகர் கரையில், பாறைகளுக்கு நடுவில், கறுப்பாக, களி கிண்டி ஊற்றிய மாதிரி கிடந்தது. அலை வந்தால் தண்ணீர் எழும்பி விழும், இது எழும்பாது, சும்மா ஒரு தடவை அசைந்து கொடுக்கும். மீனவர்களும் காலேஜ் பசங்களும் கடலோரக் காவல் படைக்காரர்களும் வரிசையாக நின்று பக்கெட்டில் மொண்டு மொண்டு கைமாற்றினார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பக்கெட் தூக்கினால் தோள்பட்டை இறங்கியது. கையுறையை மீறி நகக்கண்ணில் ஏறியது நாலு நாள் போகவில்லை, சோறு பிசையும்போதெல்லாம் அந்த வாடை. பிசைந்த மாவு என்று லத்தீன்காரன் சொன்னதற்கு எனக்கு வேறு உரை வேண்டாம்.

டைட்டானிக் பற்றி கப்பல் வேலைக்காரன் ஒன்று சொல்ல வேண்டும். 1912-ல் மூழ்கிய அந்தக் கப்பலின் நீளம் 269 மீட்டர். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலக வியாபாரத்தையே நிறுத்திவைத்ததே எவர் கிவன், அதன் நீளம் 400 மீட்டர். அந்த ஆறு நாளும் எங்கள் ஆபீஸில் போன் ஓயவில்லை. டைட்டானிக் இன்றைக்கு வந்தால் நடுத்தர சைஸ் கப்பல். அடைமொழி மட்டும் இன்னும் அதே உயரத்தில் நிற்கிறது. ஜம்போ கதை இன்னும் பாவம். அது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரு யானையின் பெயர். 1882-ல் அமெரிக்க சர்க்கஸுக்கு விற்றார்கள், 1885-ல் கனடாவில் ரயில் மோதிச் செத்தது. இங்கே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜம்போ பாக்கெட்டில் மூன்று பனியன் தருகிறார்கள்.

கொலோசலுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ரோட்ஸ் தீவிலிருந்த வெண்கலச் சிலை. சுமார் 33 மீட்டர், கிட்டத்தட்ட பத்து மாடி. ஐம்பத்துச் சொச்சம் வருஷம் நின்று, கி.மு. 226-ல் பூகம்பத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. விழுந்து கிடந்ததைப் பற்றி ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேர்வது சிலருக்குத்தானாம். நான் படித்த அத்தனையிலும் இதுதான் நெஞ்சில் நின்றது. பத்து மாடி என்றால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை என்றதும் வயிற்றில் என்னவோ செய்தது.

நம் பக்கம்

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா அடித்து மனப்பாடம் செய்யவைத்த தொல்காப்பிய வரி ஒன்று உண்டு. 'தடவும் கயவும் நளியும் பெருமை.' தட, கய, நளி, மூன்றுக்கும் பெரிய என்று பொருள். அன்றைக்கு ஐந்து மார்க் கேள்வி என்பதோடு சரி. இப்போது எடுத்துப் பார்த்தால் தொல்காப்பியர் அங்கே நிறுத்தவில்லை. தட என்பதற்கு வளைவு என்றும் பொருள் வரும், கய என்பதற்கு மென்மை, நளி என்பதற்குச் செறிவு என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போகிறார். யானையின் தும்பிக்கையைத் தடக்கை என்றால் அதில் பெரிசும் இருக்கிறது, வளைவும் இருக்கிறது. கடலை 'நளியிரு முந்நீர்' என்று புறநானூறு சொல்கிறது. வாஸ்ட் என்று கடலைச் சொல்பவன் அதைக் காலியாகப் பார்க்கிறான். நளி என்றவன் அடர்த்தியாகப் பார்த்திருக்கிறான். காசிமேட்டு மீனவனைக் கேட்டால் இரண்டாமவன் கட்சியில்தான் நிற்பான்.

பிரம்மாண்டம் இருக்கிறது, பிரம்மாவின் முட்டை, அதாவது மொத்தப் பிரபஞ்சம். அதை எடுத்து ஆடித் தள்ளுபடி பேனரில் ஒட்டிவிட்டோம். பிரச்சினை என்று ஒன்று வந்தால் பேப்பரில் அது விஸ்வரூபம் எடுக்காமல் விடாது. ஆனால் எங்கள் பேட்டையில் இன்னும் தேயாத ஒன்று உண்டு என்றால் அது 'எம்மாம்'தான். எம்மாம் பெரிசு, இம்மாம் பெரிசு. இதைக் கையைக் கட்டிக்கொண்டு சொல்லவே முடியாது, செய்து பாருங்கள். எங்கள் ஆயா போனில் பேசும்போதுகூட "இம்மாம் பெரிய வவ்வாலு வந்துச்சுடா" என்று போன் இல்லாத கையை விரிப்பாள். இந்தப் பக்கம் எனக்கு அந்தக் கை தெரியாது, ஆனாலும் வவ்வால் மீன் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கொண்டு காசிமேடு போனேன். மீன் வாங்கத்தான். வாங்கிவிட்டுப் பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். நாற்பது வருஷம் லாஞ்சில் போனவர், இப்போது முட்டி வலி, கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் வொர்க்‌ஷீட் கதையை முழுக்க அவரிடம் ஒப்பித்தாள். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "அப்போ இன்னாதான் கண்ணு பெரிசுன்றாங்க?" என்றார். இவள் திருப்பி, "தாத்தா, நீ பார்த்ததுலயே பெரிய மீன் எம்மாம் பெரிசு?" என்று கேட்டாள்.

"ஒருவாட்டி லாஞ்ச் ஓரமா வந்து நின்னுச்சு, முதுவுல்லாம் புள்ளி புள்ளியா. அஞ்சு பாகம் இருக்கும். வாலு தண்ணிக்குள்ள கெடந்துச்சு, அது நான் பாக்கல."

பாகம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. வலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்துக் காட்டினார், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கடலில் ஆழமும் கயிறும் இதில்தான். இங்கிலீஷ்காரனின் ஃபாதமும் இப்படி விரித்த கைதான், பின்னாளில் 6 அடி என்று முடிவுகட்டிவிட்டார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தேன், இரண்டு பேரும் என்னைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் போட் ஒன்றின் பக்கவாட்டில் அவள் நெஞ்சைச் சாய்த்து, கையை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனி தொட்ட இடத்தில் ஈர மணலால் புள்ளி வைத்துவிட்டு, நகர்ந்து, மறுபடி ஒட்டினாள். கன்னமெல்லாம் உப்பும் பழைய பெயின்ட்டும்.

"ஏழு பாகம், ஒரு சாண் குறையுது" என்றாள். பெரியப்பா எழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து, தன் கையால் அளந்தார். அஞ்சு பாகம், ஒரு முழம். "எதுப்பா கரெக்ட்?" என்று அவள் என்னைப் பார்த்தாள். "யார் கையின்னு சேர்த்து எழுதிக்க சொல்லு" என்றார் அவர், என்னிடம்.

பழக்கதோஷம், போனை எடுத்தேன். நீளம் 7 பாகம், ஒரு சாண் கம்மி என்று அடித்துவிட்டு அகலம் என்று போட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். போட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இருப்பா, இங்க ஒரு நாய் படுத்திருக்கு" என்று குரல் மட்டும் வந்தது.